ஏழு புத்தகங்களும் ஒரு நாத்தனாரும்

ஈப்போவிலிருந்து வெளிவரும் ஒரு தமிழ் வார இதழில் வணிகப் பக்கம் எழுதுகிறவன் நான். பக்கம் என்றால் ஒரே ஒரு பக்கம். அதிலும் பாதி விளம்பரம். போன வருடம் மே மாதம் எங்கள் ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் கோடையில் தொழிலதிபர்கள் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று பட்டியல் போடுகின்றனவாம். நாமும் போட வேண்டுமாம். "நம்ம நாட்டுல கோட எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "ஸ்கூல் லீவு இருக்குல்ல, அதான் கோட. ஏழு புத்தகம் போதும். வெள்ளிக்கிழம வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஏழில் நான் முழுதாகப் படித்தவை இரண்டு. ஒன்றைப் பாதியில் விட்டேன். மற்ற நான்குக்கும் இணையத்தில் கிடைத்த பின்னட்டை வாசகங்களே போதுமானதாக இருந்தன. ஐந்தாவது புத்தகத்தைப் பற்றி, "ஒவ்வொரு தொழில்முனைவோரும் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டிய நூல்" என்று எழுதியிருந்தேன். அதை நான் கையால் தொட்டதுகூட இல்லை. இதழ் வந்தது. இரண்டு பேர் பாராட்டினார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். அத்தோடு மறந்துபோனேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. பெண் குரல்.

"ராதாகிருஷ்ணன் சாரா? ஏழு புத்தகம் படிக்கச் சொல்லி எழுதினீங்களே, அந்த ராதாகிருஷ்ணனா?"

பெருமையாகத்தான் இருந்தது. ஆமாம் என்றேன்.

"நான் கேமரன்மலையிலேருந்து துளசி பேசறேன். எஸ்டேட் முக்குல டீக்கட வச்சிருக்கேன். ஏழையும் படிச்சிட்டேன் சார். இப்ப எங்க நாத்தனார் கடய விட்டுப் போயிட்டாங்க. அவங்கள திரும்பக் கூப்புடறது எப்படின்னு எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? நான் தேடிப் பாத்துட்டேன். காணலா."

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"போன்ல சொல்ற கத இல்ல. நாளன்னிக்கி சனிக்கிழம காலைல பத்து மணிக்கு பஸ்ஸு வருது. அதுக்குள்ள அவங்க வரலன்னா என் கத கந்தல். நீங்க நாளைக்கே ஏறி வந்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏன் போனேன் என்றால், பாதி ஆர்வம். மீதி, அந்த அம்மாள் அடுத்து எங்கள் ஆசிரியருக்குப் போன் செய்துவிடுவாரோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாக ஏறினேன். பிரிஞ்சாங்கில் லோரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்று, தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. தகரக் கூரை, ஆறு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. தேயிலைப் பொட்டலங்களுக்கு மேல் தட்டில் என்னுடைய ஏழு புத்தகங்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் காகிதத் துண்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஐந்தாவது புத்தகத்தின் முதுகு படித்துப் படித்து வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது.

துளசிக்கு நாற்பத்தாறு வயது. அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சின்னையாவும் அம்மாவும் அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்டத்தின் தேயிலை விற்பனை நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் வேலை கிடைத்தது. பத்தொன்பது வருடம் நான்கு மொழியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன் என்கிறார்: "இது பொடி, இது பை, இது பரிசுப் பெட்டி." தேயிலை வாங்கிய சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் திருப்பிக் கேட்டதும் ஒரே கேள்விதான். கடிக்கச் சூடாக ஏதாவது கிடைக்குமா? பத்தொன்பது வருடம் கேட்ட கேள்விக்கு நாமே பதில் சொன்னால் என்ன என்று தோன்றி, தோட்டத்து நிர்வாகியிடம் முனையில் ஓர் இடம் கேட்டார். நிர்வாகி கிளந்தானிலிருந்து வந்த பட்டதாரி இளைஞர், ஆனால் லைனில் இன்னமும் அவர் 'துரை'தான். மூன்று தடவை மனு கொடுத்த பிறகு துரை சம்மதித்தார். முதல் மூன்று வருடம் கணவர் விஜயனின் அக்கா, துளசி அண்ணி என்று கூப்பிடும் மணியம்மா, கடையைப் பார்த்துக்கொள்ள, துளசி கல்லா வேலையை முடித்துவிட்டு வந்து உதவினார். பிறகு கல்லா வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கடைக்கு வந்தார்.

மணியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. விஜயனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாய் இறந்துபோனார். அப்போது மணியம்மாவுக்குப் பதினேழு. முதுகில் கொழுந்துக் கூடையோடு தம்பியை வளர்த்தார், தனக்குக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தோட்டத்து லோரி ஓட்டுநர் ஆனதும் துளசியைப் பெண் கேட்டுப் போனவர் அவர்தான். தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சுப் போட்டவரும் அவர்தான். முட்டி தேய்ந்து கொழுந்து வேலையிலிருந்து நின்றவர், தம்பி பெண்டாட்டியின் கடைக்கு வந்து, கிழங்கு மசாலாவை மாவில் பொதிந்து பொரிக்கும் கறிபாப் போட ஆரம்பித்தார். கடைக்கு ஒரு பெயர் கிடைத்தது அதனால்தான்.

அந்தக் கறிபாப்பை நான் மறுநாள்தான் சாப்பிட்டேன். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கை முதல் நாளே அவித்து, மசாலா போட்டுக் கிளறி, தட்டில் பரப்பி ஈரம் போக ஆறவிடுவார். விளிம்பை விரலால் மடித்து மடித்துப் பின்னுவார். பேசிக்கொண்டே பின்னுவார், கையைப் பார்ப்பதே இல்லை. எண்ணெயில் ஒன்றுகூட வாய் திறக்காது.

ஆனால் மணியம்மாவுக்கு நேரம் என்ற ஒன்று கிடையாது. கடை ஏழரைக்குத் திறக்கும். அவர் கோயிலுக்குப் போய், வழியில் பறிப்புக்குப் போகிறவர்களோடு நின்று பேசி, எட்டரைக்கு வருவார். சில நாள் ஒன்பது. முதல் சட்டியில் எடுத்ததைத் தோட்டத்துக்கு நடந்து போகும் நேப்பாளத் தொழிலாளிகளுக்கும் வங்காளதேசிகளுக்கும் சும்மா கொடுத்துவிடுவார். "குளுருல போறானுங்க பாவம்" என்பார். துளசி முணுமுணுப்பார். துளசி முழு நேரமும் கடைக்கு வந்த பிறகும் ஐந்து வருடம் அது அப்படியே ஓடியது.

என் பட்டியலை மே மாதம் துளசி பார்த்தார். பினாங்கில் படிக்கும் மகள் யுவனேஸ்வரியிடம் சொல்லி ஏழையும் வாங்கினார். "கோட வாசிப்புன்னு போட்டிருந்தீங்க. எங்க ஊருல கோட எங்க சார், மழதான். அதனால மழைலயே படிச்சேன்" என்றார். கையில் அகராதி செயலி. ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டாவது புத்தகம் பரவால்ல சார். எல்லாத்தையும் விக்காதன்னு சொல்லுது. மீகோரெங், நாசி லெமாக்கெல்லாம் நிறுத்திட்டேன். டீ, கறிபாப், வட மட்டும். கூட்டம் கொறயல, வேல கொறஞ்சிச்சு. மூணாவது, வர்றவங்ககிட்ட பேச்சுக் கொடுக்கச் சொல்லுது. பேசினேன். தாப்பாவ் கட்டி எடுத்துக்கிட்டுப் போக பெட்டி இல்லன்னு நெறய பேரு சொன்னாங்க. வாங்கி வச்சேன். நாலாவது சுத்த வேஸ்ட்டு. ஒரே விஷயத்த முன்னூறு பக்கம் சொல்றான்."

நான்காவது புத்தகம் நான் முழுதாகப் படித்த இரண்டில் ஒன்று. அதைப் பற்றி மிக நீளமாகவும் எழுதியிருந்தேன்.

"அஞ்சாவதுதான் சார் வென."

அக்டோபரில் மகேஸ்வரன் என்று ஒருவர் கடைக்கு வந்திருக்கிறார். கோலாலம்பூரில் சுற்றுலாப் பேருந்து நடத்தும் கம்பெனிக்காரர். கறிபாப் பிடித்துப்போய் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டார். பள்ளி விடுமுறை முழுக்க நாள்தோறும் பத்து மணிக்கு ஒரு பேருந்தை இங்கே நிறுத்துகிறேன் என்றார். பேருந்துக்கு நாற்பது பேர், கால் மணி நேர நிறுத்தம். எல்லோர் கையிலும் சூடான கறிபாப் இருக்க வேண்டும். விடுமுறைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம். அன்றைக்குச் சரிப்படாவிட்டால் பேருந்து பிரிஞ்சாங் பக்கம் ஒரு கேக் கடையில் நிற்கும். துளசிக்கு இது வாழ்வா சாவா விஷயம். விற்பனை நிலையத்துக் கல்லாவில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள், திரும்பிப் போக முடியாது. மழைக்காலத்தில் முனையில் தானாக நிற்கும் கார்களை நம்பிக் கடையை இழுப்பது பெரும்பாடாகிவிட்டது.

பத்து மணிக்கு நூறு கறிபாப் வேண்டுமென்றால் மணியம்மா எட்டரைக்கு வந்தால் ஆகாது. துளசி வாயால் சொல்லிப் பார்த்தார். "வந்துடறேன்லா" என்பார் மணியம்மா. மறுநாளும் எட்டரை. அப்போதுதான் ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில் இருந்த படிவம் துளசியின் கண்ணில் பட்டது. பணியாளர் மதிப்பீட்டுப் படிவம். வாயால் சொன்னால் சண்டை வரும், எழுத்தில் கொடுத்தால் வேலை நடக்கும் என்று அந்தப் புத்தகம் சொல்கிறதாம். துளசி அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, தமிழில் எழுதி, மதிப்பெண்ணும் நிரப்பி, ஒரு புதன்கிழமை கடை மூடிய பிறகு டீயோடு சேர்த்து மணியம்மாவிடம் நீட்டினார்.

"நாத்தனாருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"இப்ப கேளுங்க சார். மே மாசம் கேக்கலியே" என்றார் துளசி.

மணியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். மேசையைத் துடைத்தார். போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. லைனில் துளசி வீடும் மணியம்மா வீடும் ஒட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். இருபத்து மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல். மூன்றாம் நாள் மணியம்மா தன் வீட்டில் தனியாக உலை வைத்தார்.

"அன்னிக்கித்தான் சார் இது சும்மா கோவம் இல்லன்னு எனக்குப் புரிஞ்சிச்சு" என்றார் துளசி. விஜயன் பாடு திண்டாட்டம். அக்கா வீட்டில் சாப்பிடாவிட்டால் அக்கா முகம் வாடும், தன் வீட்டில் சாப்பிடாவிட்டால் சொல்லவே வேண்டாம். மனிதர் இரண்டு இடத்திலும் சாப்பிட்டுவிட்டு லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

துளசி மூன்று தடவை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மணியம்மா டீ கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், யுவனேஸ்வரியின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். கடைக்கு வாருங்கள் என்றால், "முட்டி வலிலா" என்றார். நேரத்துக்கான மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுகிறேன் என்றதற்கு, "போட்டது போட்டதுதான்" என்றார். மூன்றாவது தடவை துளசி ஒரு சேலை வாங்கிக்கொண்டு போனார். உறையைப் பிரிக்காமலே மணியம்மா அதை நாற்காலியில் வைத்தார். துளசி தானே கறிபாப் போட்டுப் பார்த்தார். எனக்கு இரண்டு வைத்தார். இரண்டும் எண்ணெயில் வெடித்து, உள்ளே இருந்த கிழங்கு கருகியிருந்தது. மரியாதைக்கு ஒன்றைச் சாப்பிட்டேன்.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன்.

"நீங்க அண்ணிகிட்ட வந்து சொல்லணும். அந்த மார்க்குப் போடற பாரம் புத்தகத்துல உள்ளது, துளசி சொந்தப் புத்தியில எழுதினது இல்ல, தப்பு என்னோடதுதான்னு சொல்லணும்."

குற்றவாளியைக் கூட்டிப் போவது மாதிரி என்னை லைனுக்குக் கூட்டிப் போனார். தூறல் விடவில்லை. மணியம்மா வாசலிலேயே நின்றார். வற்றலான உடம்பு, சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, தலையில் கம்பளிக் குல்லா. உட்காரச் சொன்னார். டீ வந்தது. துளசி உட்காரவில்லை. கதவை ஒட்டியே நின்றார்.

"இவருதான் அண்ணி அந்தப் புத்தகத்தயெல்லாம் படிக்கச் சொன்னவரு."

"அப்படியா. வாங்க தம்பி. நீங்க ஏழும் படிச்சிருப்பீங்க."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. ரெண்டுதான்."

"என்னா சார்!" என்று துளசி கத்திவிட்டார்.

"அந்தப் பாரம் உள்ள புத்தகம்?" என்று மணியம்மா கேட்டார்.

"அத நான் பாத்ததே இல்லம்மா."

"பாக்காமயே நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்களா?"

"ஆமாம்மா."

மணியம்மா சிரித்தார். கேலியில்லாத சிரிப்பு. அதனாலேயே எனக்குக் காது வரை சூடேறியது. முப்பது வருடம் எழுதியதில் யாரும் என்னை இவ்வளவு சுலபமாக மூக்குடைத்ததில்லை. "பாத்துக்க துளசி. நீயாவது எட்டெட்டு பக்கமா படிச்ச" என்றார்.

பிறகு எழுந்து போய், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தார். மேசையில் விரித்தார். துளசியின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"ருசி, அஞ்சுக்கு அஞ்சு. சுத்தம், அஞ்சு. வேகம், அஞ்சு. பள்ளிக்கூடத்துல கூட எனக்கு இவ்ளோ வந்ததில்ல. நேரம், ஒண்ணு. சரிதான், நான் எட்டரைக்குத்தான் வர்றேன். சொன்ன பேச்சக் கேக்கறது, ரெண்டு. அதுவும் ஞாயந்தான். ஒரு மார்க்கு கூடப் பொய் இல்ல."

"அப்புறம் ஏன் அண்ணி?" என்றார் துளசி.

மணியம்மாவின் விரல் காகிதத்தின் உச்சிக்குப் போனது. பணியாளர் பெயர், தொடங்கிய தேதி, அதற்குக் கீழே ஒரு வரி. 'மதிப்பிடுபவருக்கு உறவினரா? ஆம் / இல்லை.' 'இல்லை'யில் நீல மையில் ஒரு சரிக்குறி.

"ஒம்பது நாளா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மணியம்மா.

எனக்கு உடனே புகுந்து சமாளிக்கத் தோன்றியது. "அது எல்லாப் பாரத்துலயும் உள்ள கேள்விதாம்மா. அவசரத்துல கவனிக்காம..."

"கவனிக்காம இல்ல சார்" என்றார் துளசி.

அவர் குரல் மாறியிருந்தது. கதவை விட்டு உள்ளே வந்தார்.

"சொந்தக்காரங்களுக்கு இந்தப் பாரம் கொடுக்காதன்னு அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு அண்ணி. வேலய விட்டு நிறுத்த முடியாதவங்களுக்கு மார்க்குப் போடாதன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கத்த நான் படிச்சேன். ரெண்டு நாளு யோசிச்சேன். ஆமான்னு போட்டா பாரம் செல்லாது. பஸ்ஸு போயிடும். அப்ப நான் நெனச்சேன். பஸ்ஸு வரணும்னா ஒங்கள நிறுத்தினாக்கூடப் பரவால்ல, வேற ஆளு வச்சுக்கலாம்னு நெனச்சேன். நெனச்சுதான் இல்லைல கோடு போட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். சத்தம் போட்டு அழுதார். நான் டீ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது, அதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மணியம்மா காகிதத்தை மடித்தார்.

"மூணு தடவ வந்த. ஒரு தடவையாவது இதச் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்: "கட ஏழரைக்குத் தொறக்கறீங்களா?"

இருபத்து மூன்று வருடமாக 'வா, போ, ஏண்டி' என்று பேசியவர் 'தொறக்கறீங்களா' என்று கேட்டார். துளசியின் அழுகை அப்படியே நின்றது.

"ஏழரைக்கு வந்துடறேன் மேனேஜர். கெழங்கு மட்டும் இன்னிக்கே அவிச்சு ஆறப் போட்டுடுங்க" என்றார் மணியம்மா.

பிரிஞ்சாங்கில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கடைக்குப் போனேன். ஏழு இருபதுக்கு மணியம்மா குடையோடு வந்து நின்றார். கோயிலுக்கு அதற்கும் முன்னாலேயே போய்விட்டு வந்திருந்தார், நெற்றியில் திருநீறு இருந்தது. கதவு திறக்கும் வரை வெளியே நின்றார். உள்ளே வந்ததும் மாவைப் பிசைந்தார், உருட்டினார், பின்னினார். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் சட்டி எடுக்கும்போது வழக்கம்போல ஒரு நேப்பாளத் தொழிலாளி சிரித்துக்கொண்டே வந்து நின்றார். "மேனேஜர கேளுங்க" என்று கையைக் காட்டினார் மணியம்மா. துளசி ஓடி வந்து நான்கை எடுத்து அந்த ஆளின் கையில் திணித்தார்.

பேருந்து பத்து ஐந்துக்கு வந்தது. நாற்பத்தோரு பேர். பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லோர் கையிலும் கறிபாப் இருந்தது. இருபத்து மூன்று பேர் பெட்டியும் கட்டிக்கொண்டார்கள். மகேஸ்வரன் துளசியிடம் வந்து, டிசம்பர் முழுக்க நாள்தோறும் ஒரு வண்டி, தை பிறந்த பிறகு வாரக் கடைசிகளிலும் பார்க்கலாம் என்று சொல்லிக் கைகொடுத்தார். ஐந்தாவது புத்தகம் என்னவெல்லாம் தருவதாகச் சொன்னதோ, அத்தனையும் வந்துவிட்டது. இரண்டு மணிக்கு மணியம்மா சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு மணி ஆச்சு மேனேஜர். நான் போகலாமா?"

துளசி தலையை மட்டும் ஆட்டினார். மணியம்மா குடையை விரித்துக்கொண்டு போனதும், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மூன்று கறிபாப் சாப்பிட்டேன். கடைசியில் "வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்து ஆசிரியரிடம், அந்தப் பட்டியலில் ஐந்து புத்தகங்களை நான் முழுதாகப் படிக்கவில்லை என்று ஒரு வரி போடலாம் என்றேன். யாரும் கேட்காதபோது எதற்கு என்றார். எனக்கும் வற்புறுத்தும் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாக ஐந்தாவது புத்தகத்தை வாங்கிப் படித்தேன். மோசமான புத்தகம் என்று சொல்ல முடியாது. எழுதியவர் வீட்டில் நாத்தனார் யாரும் கூடமாட வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

துளசி வாரம் ஒரு தடவை போன் செய்தார். "இன்னிக்கும் ஏழு இருவது சார்." அடுத்த வாரம்: "இன்னிக்கும் ஏழு இருவது. மேனேஜர், உப்பு தீந்துருச்சுங்கறாங்க. மேனேஜர், நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி, ஒரு மணி நேரம் லீவு வேணுங்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது சார்." அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். "சொன்னா அதுவும் மேனேஜர் போட்ட உத்தரவா ஆயிடும் சார். சரிங்க மேனேஜர்னு கேட்டுக்குவாங்க" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பேருந்து ஒரு நாள் தவறாமல் வந்தது. லைனில் இரண்டு அடுப்பும் தனித்தனியாகவே எரிந்தன. டிசம்பர் நடுவில் துளசி ஒரு காரியம் செய்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அன்று சாயங்காலம் தன் வீட்டில் உலை வைக்கவில்லை. நேராக மணியம்மா வீட்டுக்குள் போய், மேசையில் உட்கார்ந்து, "பசிக்குது அண்ணி. சோறு போடுங்க" என்றார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தட்டு வச்சாங்க. ரசம் ஊத்தினாங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்கன்னாங்க. போட்டுக்குங்கன்னு சொன்னதுல எனக்கு ஏந்திரிச்சுப் போயிடலாம்னு இருந்துச்சு. ஆனா ஏந்திரிக்கல சார். மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். நான் சமைக்கறதே இல்ல இப்ப. தட்ட நானே எடுத்துக்கறேன், கறி கம்மின்னா கம்மிங்கறேன். கூலிக்கு வேல செய்யறவங்க வீட்டுல எந்த மேனேஜராவது போயி உரிமையா கொழம்பு கேப்பாங்களா? கேக்க மாட்டாங்கல்ல?"

பொங்கல் கழிந்து நான்கு நாள் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன். எடுத்ததுமே மூச்சு வாங்கியது.

"சார்! அண்ணி இன்னும் வரல சார்!"

நான் பதறிவிட்டேன். உடம்புக்கு ஏதாவதா, பேருந்து இன்றைக்கும் உண்டா என்று கேட்டேன்.

"பஸ்ஸு பத்து மணிக்கு இருக்கு சார். ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோயில் முக்குல நின்னு பேசிக்கிட்டு இருக்காங்களாம், விஜயன் லோரியிலேருந்து பாத்துட்டுச் சொன்னாரு. ஒம்பது மணி ஆச்சு சார்! மாவ நான் பெசஞ்சு வச்சிட்டேன், கெழங்கு நேத்தே ஆறிருச்சு..." துளசி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "வந்துட்டாங்க, வந்துட்டாங்க. இருங்க."

கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்திலிருந்து ஒரு குரல், கொழுந்துக் காட்டில் அடுத்த மலைக்குக் கேட்கக் கத்திப் பழகிய குரல்:

"ஏண்டி துளசி, எண்ணய காய வைக்காம யாருகிட்டடி காலங்காத்தால போன்ல?"

துளசி போனைக்கூட அணைக்காமல் ஓடினார்.